அண்ணன் கைக்கு ஒரு கிட்டார்

கதவும் ஜன்னலும் செய்கிற அந்தத் தச்சரைப் பட்டறையில் எல்லோரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிலை மயிரிழை சாய்ந்தாலும் கழற்றி மறுபடி பொருத்துகிற ஆள். எல்லோரிடமும் முகம் கொடுத்துப் பேசுவார். அண்ணன் பேச்சை எடுத்தால் மட்டும் இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொள்வார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

அண்ணன் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போகிற கிட்டார்க்காரர். அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு மாதமும் அவர் வரவில்லை. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் வந்து நின்றவரிடம், "இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று தம்பி கதவைச் சாத்திவிட்டார். அதன் பிறகு பதினோரு வருஷம் பேச்சில்லை.

ஒரு நாள் காலையில் அண்ணி பட்டறைக்கு வந்தார். அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இடது கையில கட்டை விரல் மட்டுந்தான் அசையுது தம்பி. கிட்டாரைத் திருப்பி வச்சு, வலது கையால கம்பியை அழுத்திப் பாக்குறார். பெட்டி பெருசு, மீட்டுறதுக்கு இடது கை மேல ஏற மாட்டேங்குது. சின்னதா ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"அவர் கேக்கச் சொன்னாரா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன்."

அவர் இழைப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். மறுநாள் உடைந்த கிட்டார் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, முதுகைப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்துக்கு அலையவில்லை. மேல்பலகைக்குப் பலா, பக்கங்களுக்கு மா, கழுத்துக்குத் தேக்கு, எல்லாம் பட்டறையிலேயே கிடந்தன. மாம்பலகையை நனைத்துச் சூடான இரும்புக் குழாயில் வளைத்தபோது நான்கு பட்டைகள் விரிசல் விட்டன. ஐந்தாவதுதான் வளைந்து கொடுத்தது. பலாப் பலகையைச் சீவுவதும், காதோரம் வைத்துத் தட்டுவதும், மறுபடி சீவுவதுமாக இருந்தார். கதவு மரம் அசையக் கூடாது. இது அசைந்தால்தான் பேசும். அது கைக்குப் பிடிபட நான்கு மாதம் ஆயிற்று.

அண்ணியிடம் கொடுத்தனுப்பிய கிட்டார் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

"சத்தம் நல்லா இருக்காம். ஆனா ஓரம் கையை அறுக்குதாம். அவனே வந்து என் கையை அளந்துக்கட்டும்னு சொன்னார்."

மூன்று நாள் கழித்துத் தம்பி அண்ணன் வீட்டுக்குப் போனார். ஜன்னலோரம் நாற்காலியில் அண்ணன் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தம்பி எதிரே மண்டியிட்டு, கட்டை விரல் மட்டும் அசைகிற அந்த இடது கையைத் தூக்கி மடியில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார்.

"அப்பா என்னைக் கேட்டாரா?" என்றார் அண்ணன். நாக்கு குழறியது.

தம்பி நாடாவைச் சுருட்டினார். "தினமும் கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"வண்டி ஏறிட்டான், வந்துட்டே இருக்கான்னு சொன்னேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பயமா இருந்துச்சுடா. அவரை அப்படிப் பாக்க முடியாதுன்னு நினைச்சேன். நீ பாத்தே."

தம்பியால் அதை மன்னிக்க முடிந்ததா என்று அவருக்கே தெரியாது. அந்தக் கையை மெதுவாக நாற்காலிக் கைப்பிடியில் வைத்துவிட்டு எழுந்தார்.

செய்த பெட்டியின் ஓரத்தைச் சீவினால் பிளந்துவிடும் என்பதால் புதிதாக ஒன்று செய்தார். கை சாயும் இடத்தில் உள்ளே கட்டை கொடுத்து, வெளியே சரிவாக இழைத்தார். அண்ணன் கட்டை விரலால் அதில் ஒரு மெட்டைப் பாதி வாசிப்பார், தடுமாறுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். ஞாயிறுதோறும் தம்பி எதிரே உட்கார்ந்து கேட்பார். அப்பாவைப் பற்றி அவர்கள் மறுபடி பேசவே இல்லை. பதினான்கு மாதம் அப்படிப் போனது. இரண்டாவது முறை வந்த பக்கவாதத்தில் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

"இந்தக் கிட்டாரை நீங்களே வச்சுக்குங்க தம்பி" என்றார் அண்ணி.

"இங்கயே இருக்கட்டும் அண்ணி."

வாசிக்க ஆளில்லாமல் கம்பிகள் இறுகியே இருந்தால் மேல்பலகை வளைந்துவிடும் என்று சொல்லி, ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இன்னும் அந்த வீட்டுக்குப் போகிறார்.