சும்மா எடுத்த படம்

என்னோடு செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை செய்யும் ஜெர்மன்காரி ஒருத்தியை, சைக்கிளில் போகும்போது ஒரு லொறி அடித்துவிட்டது. தப்பிவிட்டாள். விலாவிலிருந்து தொடைவரை தையல் தழும்பு மிஞ்சியது. அதன் பிறகுதான், வீதியில் சைக்கிள்காரருக்குப் பாதுகாப்புக் கேட்டு பிராங்பேர்ட்டில் நடக்கும் அந்த ஊர்வலத்தில் சேர்ந்தாள். விரும்பியவர்கள் உடுப்பைக் களைந்து சைக்கிள் ஓடலாம், மற்றவர்கள் உடுப்போடு ஓடலாம். வாகனம் வந்து மோதுவது வெறும் உடம்பில்தான் என்று காட்டுவது நோக்கம். தனியே போகப் பயமாக இருக்கிறது, நீயும் வா என்று கேட்டாள்.

நான் முழுக்காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் போட்டு, ஒழுங்கு பார்ப்பவர்களின் மஞ்சள் அங்கியை மேலே மாட்டிக்கொண்டேன். கணவரிடம் சைக்கிள் ஊர்வலம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

புறப்படுமுன் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார்கள். கேட்காமல் யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது. படமே வேண்டாம் என்பவர்கள் சைக்கிளில் சிவப்பு நாடா கட்டலாம். அவள் உடுப்பைக் களைந்து சைக்கிள் கூடைக்குள் வைத்துவிட்டு, இரண்டு கைபிடியிலும் கட்டினாள்.

ரயில் நிலையத்துக்குக் கிட்ட சிவப்பு விளக்கில் நின்றோம். நடைபாதையில் ஒருவர் கைபேசியை உயர்த்தி அவளை நோக்கிப் பிடித்திருந்தார். இறங்கிப் போய், படம் எடுக்க வேண்டாம் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் கைபேசியைத் தாழ்த்தாமலே, "விசருகள்" என்று தமிழில் வாய்க்குள் திட்டினார்.

நானும் தமிழுக்கு மாறினேன். "அண்ணை, எடுக்காதேங்கோ. அவ ஓமெண்டு சொல்லேல்லை" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தமிழோ? றோட்டிலை அம்மணமாப் போறவையை எடுத்தா என்ன பிழை?"

"றோட்டிலை போனாலும் அது அவவின்ர உடம்பு. கேக்கவேணும்."

"தங்கச்சி, உங்கட மனுசனுக்குத் தெரியுமோ, நீங்கள் இதுக்குள்ளை நிக்கிறது?" என்றவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே திருப்பினார். எடுக்கும் சத்தமும் கேட்டது.

விளக்கு பச்சையாகி ஊர்வலம் நகர்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் அந்தப் படம் கைமாறுவது கண்ணுக்குள் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, அப்படியே அவர் முன் நின்றாள்.

"ஏன் என்னை எடுத்தார் என்று கேள்" என்றாள்.

கேட்டேன். இப்போது அவர் நிலத்தைப் பார்த்தார். "சும்மா எடுத்தனான்."

சும்மா என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வதென்று தடுமாறி, காரணம் ஒன்றும் இல்லையாம் என்றேன். அவள் முகம் சிவந்தது. காட்டச் சொன்னாள். மூன்று படங்கள். ஒன்றில் தழும்பு மட்டும், கிட்டத்தில்.

"அழியுங்கோ அண்ணை. போனிலை இருக்கிற குப்பைத்தொட்டிக்குள்ளை போயும் அழியுங்கோ. என்னை எடுத்ததையும்."

"அது உடுப்போடை நிக்கிற படம்தானே?"

"நானும் ஓமெண்டு சொல்லேல்லை."

அழித்தார். "ஆருக்கும் அனுப்பினனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒரு சிநேகிதனுக்கு இவவின்ர படம் ஒண்டு" என்றார், மெதுவாக.

வட்ஸ்அப்பைத் திறந்து அதையும் நீக்கச் செய்தேன். ஆனால் அதற்கு முன்பே நீலச் சரி அடையாளம் விழுந்திருந்ததைக் கண்டேன். அந்தச் சிநேகிதர் பார்த்துவிட்டார். அவள் என் வாயைப் பார்த்தபடி நின்றாள். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் அவளைக் கேட்காமல் இன்னொரு ஆள் அவளுக்காக முடிவெடுப்பது இனியும் வேண்டாம் என்று தோன்றியது. சொன்னேன்.

அவள் கூடையிலிருந்த மேலங்கியை எடுத்துக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். அவர் எனக்குப் பின்னால், "தங்கச்சி, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மைன் ஆற்றுப் பாலத்தில் ஊர்வலத்தை எட்டிப் பிடித்தோம். நடுப்பாலத்தில் அவள் நின்றாள். "அவனுக்காக நான் உடுத்திக்கொண்டு போவதா?" என்று கேட்டு, மேலங்கியைக் கழற்றினாள். முடிவிடம் வரை அவளுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஓடினேன். யாராவது சட்டைப் பைக்குள் கை விட்டாலே அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பி அவளை மறைத்தேன்.

பின்னேரம் வீட்டில், வேறு யாராவது சொல்லி அவர் கேட்குமுன், கணவரிடம் எல்லாம் சொன்னேன். தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதலே சொல்லியிருக்கலாம்" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கிறா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். கைபேசியை எடுத்து அவளை அழைத்தேன்.