மூன்றாவது போன்

அந்தப் பல் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. மொத்தமே இரண்டு அறைகள். முதல் அறையில் மைக்ராஸ்கோப், பெரிய ஃபிரிட்ஜ், எண் ஒட்டிய குப்பிகளில் யார் யாருடையதோ எச்சிலும் சதைத் துணுக்கும். இரண்டாவது அறையில் ஒரு மேசை, ஒரு போன், அலமாரி நிறைய ஃபைல். இந்த இரண்டாவது அறைக்காரியை டாக்டர்கள் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோரும் 'போன் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு ஏன் சீக்கிரம் தளர்ந்துபோகிறது, இருதய மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பல் பிடுங்கினால் புண் ஆற எத்தனை நாளாகிறது என்று டாக்டர்கள் ஏதாவது ஒன்றைத் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். விடை கிடைக்க வேண்டுமென்றால் நோயாளி திரும்பத் திரும்ப வர வேண்டும். வலி இருக்கும்வரை ஓடி வருகிற மனிதர்கள், வலி நின்றதும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார்கள். அவர்களைப் பேசிப் பேசி வரவழைப்பதுதான் போன் அக்காவின் வேலை.

அதில் அவள் கெட்டிக்காரி. பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றாலும், யார் எந்த நேரத்தில் போன் எடுப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. வாத்தியாரம்மாவை இடைவேளையில் பிடிக்க வேண்டும். வாட்ச்மேன் மதியத்துக்கு மேல்தான் கண் விழிப்பார். இன்னொரு பெரியவரிடம் முதலில் அவருடைய நாயை விசாரித்துவிட்டுத்தான் தேதியைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், "ஊரையே போன் எடுக்க வைக்கிற. நான் கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டேங்கிற" என்று கிண்டல் செய்வார்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயதானபோது பெரிய டாக்டரம்மா புதிதாக ஓர் ஆய்வைத் தொடங்கினார். வாய்க்குள் வெள்ளைத் திட்டு விழுந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்தத் திட்டு பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குப் புற்றுநோயாக மாறும். அதை ஒரு மாத்திரை தடுக்குமா என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோரும் வந்து வாயைக் காட்ட வேண்டும். வராதவரை மூன்று வெவ்வேறு நாட்களில் போனில் கூப்பிட வேண்டும். மூன்று முறையும் கிடைக்கவில்லை என்றால் 'தொடர்பு இல்லை' என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் ஒருவர் தையல்காரர். மனைவி பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், இவர் வெட்டித் தைப்பார். நாக்கின் ஓரத்தில் திட்டு. முதல் நாள் கண்ணாடியில் அதைக் காட்டியபோது, "ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கே! சத்தியமா நான் போட்ட ஒட்டு இல்லீங்க இது" என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். போன் அக்காவைத் 'தங்கச்சி' என்று கூப்பிட்ட ஒரே ஆளும் அவர்தான்.

"தங்கச்சி, இந்தத் தேதியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது."

"நீங்க எதுக்குண்ணா மண்டையில ஏத்திக்கிறீங்க? வர வேண்டியிருந்தா நான் கூப்பிடுவேன். நான் கூப்பிடலைன்னா ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா இருங்க."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அதைச் சொன்னதே அப்புறம் அவளுக்கு மறந்துபோனது.

இரண்டு முறை வந்தார். இரண்டாம் முறை, "காரம் பட்டா லேசா எரியுது" என்றார். அதையும் எழுதிக்கொண்டாள். மூன்றாம் முறை வரவில்லை. திங்கட்கிழமை கூப்பிட்டாள், போன் அணைந்திருந்தது. புதன்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் ஃபைலை எடுத்து வைத்தபோது, மாற்றலாகிப் போகிற நர்ஸுக்குக் கேக் வெட்டப் போவதாகப் பக்கத்து அறையிலிருந்து குரல் வந்தது. "அக்கா வந்தாத்தான் கத்தியை எடுப்பேன்" என்று நர்ஸ் அடம்பிடித்தாள்.

போன் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. 'ரெண்டு தடவையும் அணைஞ்சு கிடந்த போன் இன்னிக்கு மட்டும் எப்படி எடுக்கும்' என்று நினைத்தாள். மூன்றாவது கட்டத்தில் தேதியைப் போட்டாள், 'பதில் இல்லை' என்று எழுதினாள், ஃபைலை மூடினாள், கேக் சாப்பிடப் போனாள். ஒன்பது வருஷ வேலையில் செய்யாததைச் செய்ததாக எழுதியது அந்த ஒரு தடவைதான்.

பதினோரு மாதம் கழித்துத் தையல்காரர் வந்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், சட்டை அவருடையதே இல்லை என்பது போலத் தொங்கியது. திட்டு இருந்த இடத்தில் புண். சதையெடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. பாதி நாக்கை எடுக்க வேண்டும் என்றார்கள்.

டாக்டரம்மா பழைய ஃபைலைக் கேட்டு வாங்கினார். கொண்டுபோய்க் கொடுத்த போன் அக்கா அங்கேயே நின்றாள்.

"ஏம்மா, நாங்க மூணு தடவை கூப்பிட்டிருக்கோமே. ஒரு தடவையாவது எடுத்திருக்கக் கூடாதா?" என்று டாக்டரம்மா தேதிகளைப் படித்துக் காட்டினார்.

தையல்காரரின் மனைவி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். "போன் தண்ணியில விழுந்து ரிப்பேர்ல இருந்துச்சுங்க. ஆனா அந்த வெள்ளிக்கிழமை காலையிலயே வாங்கிட்டு வந்துட்டோமே..." முகம் மாறிப்போனது. "கடையில மிஷின் சத்தம். நான்தான் வெளி மேசைல போட்டு வெச்சிருந்தேன். அடிச்சது என் காதுல விழலை போலிருக்கு. பாவி, நான்தான் கோட்டை விட்டுட்டேன்."

தையல்காரர் கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குழறிக் குழறிப் பேசினார். "தங்கச்சி கூப்பிடலையே, அப்ப நமக்கு ஒண்ணுமில்லைன்னு நெனச்சுட்டேன்."

போன் அக்கா அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஃபைலை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்தது. வார்டுக்கு வெளியே தையல்காரரின் மனைவி யார் கிடைத்தாலும் அதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "போன் அடிச்சிருக்கு, நான் கேக்கலை." பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்களிடம் சொன்னாள், சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவரிடம் சொன்னாள். ஒருநாள் போன் அக்காவின் கையையே பிடித்துக்கொண்டு, "நீங்க பாவம், மூணு தடவை மெனக்கெட்டீங்க" என்றாள். அன்று போன் அக்கா பாதி வேலையில் கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு போன் வந்திருந்தா மட்டும் அந்த ஆளுக்கு வராம இருந்திருக்குமா?" என்றார்.

"தெரியலை. சீக்கிரம் பார்த்திருந்தா நகக்கண் அளவு வெட்டியிருப்பாங்க. இல்ல, அப்பவும் இதே கதிதானோ என்னவோ. யாருக்குமே தெரியாது. அதுதான் என்னைத் தின்னுது."

"வேலை போயிடும்."

"அந்தப் பொம்பளை தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க. அதைப் பார்த்துக்கிட்டு நான் வேலை பார்க்கணுமா?"

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இது ஒண்ணுதானா? மத்ததெல்லாம்?" என்று மட்டும் கேட்டார்.

"இது ஒண்ணுதான் டாக்டர்."

சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது, இனி தன் வாயிலிருந்து வருகிற எதற்கும் மதிப்பில்லை என்று. ஆஸ்பத்திரியின் ஆய்வுக் குழுவுக்குக் கடிதம் போனது. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் போன் கம்பெனியின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். ஐந்து வாரம் பிடித்தது. ஆயிரத்துச் சொச்சம் அழைப்புகளில் பொய் அந்த ஒன்றுதான் என்று முடிவானது. யாரும் அதைச் சொல்லி அவளைத் தட்டிக்கொடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. வேலை போகவில்லை, ஆனால் போன் போனது. கீழ்த்தளத்தில் கருவிகளைக் கழுவிக் கொதிநீராவியில் வைத்தெடுக்கிற அறைக்கு அவளை அனுப்பினார்கள்.

அதற்கும் முன்னதாக, டாக்டரம்மாவிடம் சொன்ன அதே வாரத்தில், வார்டிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த தையல்காரரைப் பார்க்கப் போனாள். கடையும் வீடும் ஒன்றுதான். மிஷினுக்கு உறை போட்டிருந்தார்கள். தையல்காரர் கட்டிலில் சாய்ந்திருக்க, மனைவி கதவோரம் நின்றாள். போன் அக்கா உட்காரவில்லை.

"அந்த வெள்ளிக்கிழமை போன் அடிக்கவே இல்லைங்க. நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டதா எழுதிட்டேன். உங்க மேல எந்தத் தப்பும் இல்லை."

மனைவிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அடிக்கவே இல்லையா?" என்றாள். இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் சுமந்ததை இறக்கி வைத்த அழுகைதான் அது. அழுது முடித்து எழுந்தபோது அந்த முகத்தில் இரக்கம் துளிகூட இல்லை.

"இவ்வளவு நாளா என்னை நானே கொன்னுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்த. உன் கையைப் பிடிச்சு நன்றி வேற சொன்னேன். போயிடு. இந்தப் படி ஏறாத."

போன் அக்கா படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து, சோதனைக்கு வந்த தையல்காரரைக் கீழ்த்தள நடையில் நேருக்கு நேர் பார்த்தாள். கையில் கழுவ வேண்டிய கருவித் தட்டு. அவருக்கு உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. பக்கத்தில் மனைவி. அவர் நின்றார். போன் அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார். பாதி நாக்கால் வந்த சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன, ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னண்ணா?"

மறுபடியும் சொன்னார், நிதானமாக, கையையும் ஆட்டி. அப்போதும் புரியவில்லை. வெளியாட்களுக்கு அவர் பேச்சை எடுத்துச் சொல்வது எப்போதும் மனைவிதான். போன் அக்கா அவளைப் பார்த்தாள். அவள் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது முறை கேட்கப் போன் அக்காவுக்கு மனசு வரவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினாள். அவரும் தலையாட்டிவிட்டு மனைவியோடு லிஃப்ட் பக்கம் நடந்தார். அவர் சொன்னது திட்டா, ஆறுதலா, வெறும் நலவிசாரிப்பா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.