எனக்குத் தயிர் உறையாது

எங்கள் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவது என் கணவர்தான். சொன்னால் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். அங்கே எந்தச் சாமானையும் தரையில் இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். உரசினால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. நான் நாற்காலியைக் கரகரவென்று இழுத்தால், குளித்துக்கொண்டிருக்கிற மனிதர் உள்ளேயிருந்து "தூக்கி வை, தூக்கி வை" என்று கத்துவார்.

அப்படிப்பட்ட கைக்குத் தயிர் நன்றாக உறைவதில் அதிசயம் ஒன்றுமில்லை. சாயங்காலம் வந்து குளித்ததும், ஆறிய பாலில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பார். ஒரு கரண்டி பழைய தயிரை விட்டு, மெல்லக் கலக்கி, மூடி, அடுப்படி மூலையில் சத்தமில்லாமல் வைப்பார். காலையில் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாது. அந்தத் தயிரில் பிசைந்த சோறுதான் அவர் கேரியரில் போகும்.

எனக்கு வேலை அச்சாபீசில், காலண்டர் தாளில் பிழை பார்ப்பது. நாள் முழுக்கத் தப்பையே தேடித் தேடி, வீட்டுக்கு வந்தாலும் புத்தி கெட்டதைத்தான் தேடும். எங்கேயாவது கதவு படாரென்று சாத்திக்கொண்டால் ஜன்னலுக்கு ஓடிப் புகை தெரிகிறதா என்று பார்ப்பேன். "ஒன்னைய மாதிரி பயந்தாங்கொள்ளிய இந்த ஊருல கட்டிக் குடுத்திருக்கக் கூடாது" என்று அவர் கேலி செய்வார். அவருக்கு என்ன, உள்ளே இருக்கிறவர். வெளியே இருந்து காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பவள் நான்தானே.

அன்றைக்கு அச்சாபீசில் கரண்ட் இல்லாததால் சீக்கிரமே திரும்பிவிட்டேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலைக் காய்ச்சி இறக்கி வைத்த நேரம். முதலில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிறகு சத்தம் வந்தது. குவாரி வெடி என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் குவாரி வெடி ஒன்றோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. உள்ளே இருந்த சரக்கெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கிற சத்தம். மாடிக்கு ஓடிப் பார்த்தேன். வெம்பக்கோட்டைத் திசையில் வெள்ளையாகப் புகை.

கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவருக்கு அடித்தால் மணி மட்டும் போகும், எடுக்க ஆள் இருக்காது. தெரிந்தும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். வாட்ஸப்பில் ஒவ்வொரு குரூப்பிலும் ஒவ்வொரு கம்பெனிப் பெயர் போட்டிருந்தார்கள். ஒன்றில் அவருடைய கம்பெனியின் பெயரும் இருந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். அவருடைய தம்பி பைக்கில் பார்க்கப் போயிருந்தான்.

"முக்குலயே போலீஸ் மறிச்சிட்டாகளாம். ஆம்புலன்ஸ மட்டுந்தேன் விடுறாகளாம். நீ பதறாத தாயி, ஒங்க வீட்டுக்காரக கம்பெனியா இருக்காது."

இருக்காது என்று அக்காவுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எரிச்சலாக வந்தது. எழுந்து ரோட்டுக்குப் போகலாமென்றால், போகிற நேரத்தில் அவர் வேறு வழியாக வந்துவிட்டால்? போனால் யாராவது வந்து என்னிடம் எதையாவது சொல்லிவிட்டால்? வீட்டைவிட்டு நகரவே பயமாக இருந்தது.

அக்கா பால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தார். சும்மா இருக்க முடியாமல்தான் தொட்டிருப்பார்.

"பாலு ஆறிப்போச்சே. ஒறைய ஊத்தி வையி. அவுகளா வந்து ஊத்தப் போறாக?"

அக்கா ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. இத்தனை கலவரத்துக்கு நடுவே வருகிற மனிதர் உறை ஊற்றிக்கொண்டா இருப்பார் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

"ஊத்துவாக. அவுகதான் வந்து ஊத்துவாக" என்று கத்திவிட்டேன்.

என் கையால் அந்தப் பாலில் தயிரை விட்டால் அவர் வரமாட்டார் என்று தோன்றிவிட்டது. மடத்தனம்தான். படித்தவள், ஊருக்கே காலண்டர் திருத்துகிறவள். ஆனாலும் கை போகவில்லை. ஆறிய பாலை மறுபடி சுட வைத்தேன். இறக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். அது ஆறியது. மறுபடி ஏற்றினேன். பால் சூடாக இருக்கும்வரை உறை ஊற்றும் நேரம் வரவில்லை, அவர் வருவதற்கும் நேரம் தாண்டவில்லை. இப்படி ஒரு கணக்கு. பொழுது இறங்கியது. விளக்கேற்ற வேண்டும். அடுப்புக்கு லைட்டர் இருந்தது, விளக்குக்குத் தீப்பெட்டிதான். கையில் எடுத்தேன், குச்சியை உரச மனம் வரவில்லை.

இருட்டுகிற நேரத்தில் யாரோ ஒருவருடைய பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தார். காலில் செருப்பு இல்லை. முகமெல்லாம் சாம்பல் அப்பியிருந்தது. சட்டையில் ரத்தம். நான் அந்த ரத்தத்தையே பார்த்ததைக் கண்டு, "என்னுது இல்ல" என்றார்.

உயிர் போய் உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சீக? ஒரு போன் பண்ணத் தெரியாது?"

"பக்கத்துக் கம்பெனி. தூக்கப் போயிட்டோம். வாட்ச்மேனும் எங்ககூடத்தேன் ஓடியாந்தாரு. போனுங்க எங்கன கெடக்கோ."

யாரைத் தூக்கினார், எத்தனை பேரை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. பின்பக்கம் போய் வெகுநேரம் குளித்தார். நான் அழுது முடித்தேன். உள்ளே வந்தவர் பாலில் சுண்டுவிரலை விட்டார். மேலே ஏடு தடித்துக் கிடந்தது.

"எம்புட்டுத் தடவ சுட வச்ச?"

பழைய தயிர்க் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கம் வைத்தேன். உறை ஊற்றினார். கரண்டி பாத்திரத்தில் பட்டுக் கடகடவென்று சத்தம் கேட்டது. அவர் கையில் அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை.

மறுநாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார். "நீயும் பளகிக்க. வெரலு பொறுக்குற சூடு இருக்கணும், அம்புட்டுத்தேன். நாளப்பின்ன நான் இல்லேன்னாலும் வீட்டுல தயிரு வேணும்ல."

அந்த வெடிச் சத்தத்துக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. இவர் போவதற்கு ஏற்பாடு செய்கிறார் என்று பட்டது. சரியென்று தலையை ஆட்டினேன்.

காரியாபட்டியில் என் பிறந்த வீட்டில் மாடு இருந்தது. பாவாடை கட்டிய வயதிலிருந்தே அங்கே உறை ஊற்றியது நான்தான். இது அவருக்குத் தெரியாது. இங்கே அவர் ஊற்றுவது பிடித்திருந்ததால் சொல்லாமலே விட்டிருந்தேன். இனிச் சொல்லப் போவதுமில்லை. அவர் சொல்லிக் கொடுத்தபடி பாலை ஆற வைத்து, அவர் அந்தப் பக்கம் போனதும் திரும்பச் சுட வைத்து, கொதிக்கக் கொதிக்க உறையை விட்டேன். காலையில் திரிதிரியாக, தண்ணீர் வேறு, தயிர் வேறு. அடுத்த முறை பாலைச் சில்லென்று ஆறவிட்டு ஊற்றினேன். காலையில் பால் பாலாகவே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அம்புட்டு எளுத்துல தப்பு கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு ஒறை ஊத்த வரலையாக்கும்" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

விபத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரக் கம்பெனிகளையெல்லாம் மூடியிருந்தார்கள். சோதனையெல்லாம் முடிந்து அவர் கம்பெனியை மறுபடி திறந்தார்கள். சீசன், ஆர்டர் நிற்கிறது, வரச் சொல்லிவிட்டார்கள். கிளம்பும் காலையில் நான் ஊற்றிய தயிரைச் சாய்த்துப் பார்த்தார். அது மோர்போல ஓடியது.

"ஒனக்குக் கைராசியே இல்ல. விடு, நானே ஊத்துறேன்."

"ஆமா, எனக்கு வராது. சாயங்காலம் நீங்களே வந்து ஊத்துங்க."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தெரிந்துகொண்டாரோ என்னவோ.

"வராம எங்க போகப் போறேன்" என்றார்.

கேரியரைத் தரையில் இழுக்காமல் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.