பொட்டு வைத்த ஸ்லீப்பிங் பேக்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில் நடந்தது இது. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி. வயலில் அறுவடை மெஷின் வந்து வேலையை முடித்துவிட்டுப் போய், நெல்லும் கைமாறி, வீட்டில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம். தினமும் காலையில் ஆற்றங்கரையில் ஒன்றாக வாக்கிங் போகும் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். ஒரு நாளாவது திரும்பி வராமல் இப்படியே நடந்துகொண்டே போனால் என்ன என்று எங்களில் யாரோ ஆரம்பித்தார்கள். பேச்சு வளர்ந்து வளர்ந்து, காவிரி கடலில் சேரும் பூம்புகார் வரை நடப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படியும் ஒரு வாரம் ஆகும். வழியில் கோயில் மண்டபமோ, தெரிந்தவர் வீடோ, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே படுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகனுக்கு பெங்களூரில் வேலை. அங்கே கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது. எங்களுக்கும் சம்மதம்தான். ஆனால் அந்தப் பெண் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தமிழ்க் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்தது எல்லாம் அந்த ஊரில்தான். லீவு கிடைத்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறப் போய்விடுவாளாம். “உங்க அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகுமான்னு முதல்ல தெரியணும்” என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள்.

நியாயமான கேள்விதான். எங்கள் சொந்தத்தில் என் சுத்தம் பிரசித்தம். கால் கழுவாமல் யாரும் என் வீட்டுக் கூடத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட முடியாது. வந்தவர் எழுந்து போனதும் சோபா உறையை உதறிப் போடுகிற ஆள் நான். என் நாத்தனார்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இதையெல்லாம் என் மகன் ஒன்று விடாமல் அந்தப் பெண்ணிடம் ஒப்பித்திருக்கிறான், அறிவுகெட்டவன்.

நாங்கள் நடக்கப் போகும் செய்தி தெரிந்ததும் அவளிடமிருந்து கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால், நீல நிறத்தில் ஒரு ஸ்லீப்பிங் பேக். மலைக்குப் போகும்போது அவள் படுத்துக்கொள்வது. “பனியில படுக்காதீங்க ஆன்ட்டி, இதுக்குள்ள படுத்துக்கோங்க. ரொம்ப ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கோங்க. காலைல எழுந்ததும் கொஞ்ச நேரம் காத்தாட விரிச்சிடுங்க” என்று போனில் பேசி அனுப்பியிருந்தாள். அதுவரை நானும் அவளும் வீடியோ காலில் இரண்டு வார்த்தை பேசியிருப்போம், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே பயமும். என் கணவர் சோபாவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அந்தக் காலத்துல நாங்க பொண்ணு பார்க்கப் போனோம். இப்ப உன்னைப் பார்க்க வர்றாங்க. பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதிலா பையைக் குடுத்திருக்காங்க. ஒழுங்கா நடந்துக்க.”

கேலியாகச் சொன்னாலும் அதுதான் உண்மை. அந்தப் பையை வாங்கினபடியே திருப்பிக் கொடுத்தால் நான் பாஸ். அழுக்காக்கினால், ஊரையே இவ்வளவு அதட்டுகிற அம்மாவின் லட்சணம் இதுதானா என்று நினைப்பாள். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அவள் குரலிலேயே எனக்கு அவளைப் பிடித்துப் போயிருந்தது.

கிளம்புவதற்கு முன்னால் தையல் மெஷினை எடுத்து உட்கார்ந்தேன். பழைய வாயில் புடவை ஒன்றை மடித்து, தலையணை உறை மாதிரி இரண்டு பக்கமும் அடித்து, அந்தப் பைக்குள் பொருந்துகிற மாதிரி ஒரு நீள உறை தைத்தேன். நான் உறைக்குள், உறை பைக்குள். அப்புறம் பையில் எப்படி அழுக்குப் படும்? இதற்கு மேல் இன்னொரு தியாகமும் செய்தேன். ஒரு வாரத்துக்குத் தலைக்கு எண்ணெய் கிடையாது, முகத்துக்கு மஞ்சள் கிடையாது. என் ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக எண்ணெய் வைக்காமல் வீட்டை விட்டு வெளியே வந்தேன்.

நடை ஆரம்பித்தது. கரையில் நாணல், அந்தப் பக்கம் வாழைக் கொல்லை, இந்தப் பக்கம் ரோட்டில் காயப்போட்ட நெல். திருவையாறு தாண்டுவதற்குள்ளேயே என் ஒழுங்கு மற்ற நாலு பேருக்கும் வேடிக்கையாகிவிட்டது. படுக்கப் போகும்போது கால் கழுவித் துடைத்து, துவைத்து வைத்த நைட்டியை மாற்றி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பைக்குள் இறங்குவேன். காலையில் முதல் வேலையாகப் பையை எடுத்து உதறி, ஏதாவது கம்பியிலோ மரக்கிளையிலோ தொங்கவிடுவேன். வைக்கோல் மேல் விரிக்கச் சொன்னார்கள், சுணை ஒட்டும் என்று மாட்டேன் என்றேன். புடவை உறையைப் படித்துறையில் அலசி, முதுகுப் பையின் மேல் விரித்துக் கட்டிக்கொண்டே நடப்பேன். வெயிலில் அது தானாகக் காய்ந்துவிடும்.

அந்த நாலு பேரில் எங்கள் எதிர்வீட்டுக்காரி எனக்கு முப்பது வருடத் தோழி. வாயைத் திறந்தால் கேலிதான். எனக்குப் பின்னால் நடந்து வந்தவள், “கொடிக்கயிறே எழுந்து நடந்து போற மாதிரி இருக்குடி” என்றாள். எல்லோரும் சிரித்த சிரிப்பில் எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் இறங்கி வழிவிட்டார். அவர்களுக்கு என்ன, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள், எழுந்தார்கள். நான் மட்டும் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி அந்தப் பையைப் பார்த்துப் பார்த்து வந்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணம் வரைக்கும் அந்தப் பை வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனையும் கிடையாது.

திருவிடைமருதூர் தாண்டி ஒரு கிராமத்தில், நாலு பக்கமும் திறந்த மண்டபத்தில் படுத்தோம். அங்கேதான் சனி பிடித்தது. பனி மழை மாதிரி கொட்டியிருக்கிறது. எழுந்து பார்த்தால் பையின் மேலெல்லாம் சொதசொதவென்று ஈரம். காயப்போடலாம் என்றால் சூரியனையே காணோம், வானம் மூடிக்கிடந்தது. மற்றவர்கள் கிளம்பு கிளம்பு என்று அவசரப்படுத்த, வேறு வழியில்லாமல் ஈரத்தோடு சுருட்டிக் கட்டிக்கொண்டேன். வழியில் அறுத்த தாளடி வயலில் ஒரு வாத்துக் கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் அண்ணாந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மயிலாடுதுறையில் என் தோழியின் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பையைப் பிரித்தேன். நனைந்த சாக்கு வாடை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனென்றால் மறுநாள் பூம்புகாரில் எங்களை அழைத்துப் போக என் மகன் ஏழு பேர் உட்காரும் கார் எடுத்துக்கொண்டு வருகிறான், அந்தப் பெண்ணும் கூட வருகிறாள். நேராகப் பார்க்கப் போவது அதுதான் முதல் தடவை.

நல்லவேளை, அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு அந்த வீட்டில் சாம்பிராணி போடுவதற்காகக் கொட்டாங்குச்சியைக் கொளுத்தித் தணல் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மழைக்காலத்தில் அவன் துணியெல்லாம் இப்படித்தானே காட்டி எடுப்பேன். பையை ஃபேனுக்குக் கீழே பிடித்து ஈரம் போக உலர்த்தினேன். பிறகு ஒரு நாற்காலியின் மேல் கூடாரம் மாதிரி கவிழ்த்து, அடியில் தூபக்காலை வைத்து, கை நிறைய சாம்பிராணியைத் தூவினேன். வெள்ளையாகப் புகை எழுந்து பைக்குள் நிறைந்தது. வாடை போய், வீடே கோயில் மாதிரி மணந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

ஃபேனை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கங்கு படக்கென்று வெடித்தது. பொறி ஒன்று தெறித்துப் பையில் போய் ஒட்டியது. தட்டிவிடுவதற்குள் சின்னதாக உருகி ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஏதோ ஒன்று வெளியே வந்து, ஃபேன் காற்றில் மிதந்து போனது. இன்னொன்று வந்தது. பஞ்சு என்று நினைத்துப் பிடித்தேன். இறகு. பைக்குள் அடைத்திருப்பது வாத்து இறகு என்று உள்ளே தைத்திருந்த சீட்டில் போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

நான் விரலால் ஓட்டையை அமுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கையை எடுத்தால் இறகு வருகிறது, எடுக்காவிட்டால் எழுந்திருக்க முடியவில்லை. “போச்சுடி, எல்லாம் போச்சு” என்றேன். தோழி என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். “காலைல பாத்தோமே வாத்து, அதுகிட்ட ரெண்டு இறகு கேட்டு வாங்கி அடைச்சிடலாமா?” என்றாள். நான் முறைத்த முறைப்பில் அவள் சட்டென்று தன் நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்தாள், என் விரலைத் தள்ளிவிட்டு ஓட்டையின் மேல் ஒட்டி அழுத்தினாள். இறகு நின்றுவிட்டது. நீலப் பையில் அரக்குக் கலரில், பளிச்சென்று, வட்டமாக ஒரு பொட்டு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் நடந்த நடை எனக்கு நினைவே இல்லை. எப்படிச் சொல்வது, என்ன சொல்வது என்று அதே யோசனை. புதுசு வாங்கிக் கொடுத்துவிடலாம், ஆனால் முதல் தடவை கையில் கொடுத்த பொருளிலேயே ஓட்டை போட்டவள் என்ற பெயர் போகுமா?

காவிரி கடலோடு சேருகிற இடத்தில் அவர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். என்னைப் பார்க்க வேண்டுமே. வெயிலில் கறுத்து, எண்ணெய் காணாத தலை தேங்காய் நார் மாதிரி பறந்துகொண்டு, முதுகில் காயப்போட்ட புடவையோடு நான் வருகிறேன். அவள் ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு, மலையேறுகிறவர்களுக்கு அதுதான் பழக்கம் போல, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“என்ன வாசனை ஆன்ட்டி இது?”

தோழிதான் முந்திக்கொண்டாள். “சாம்பிராணிம்மா. அதோட உன் பைக்குப் பொட்டும் வச்சு அனுப்பியிருக்கோம், பாரு.”

அவள் பிரித்துப் பார்த்தாள். பொட்டைத் தொட்டுப் பார்த்தாள். நான் நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிற்க முடியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்க சுத்தத்தைப் பத்தி உங்க பையன் சொன்ன கதையெல்லாம் கேட்டு, இதை அனுப்பறதுக்கு முன்னாடி நான் மூணு தடவை துவைச்சேன் ஆன்ட்டி. துவைச்சதுல இறகெல்லாம் கட்டிக்கட்டியாப் போயிடுச்சு. ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொரு கட்டியா உதிர்த்தேன். அப்பவும் நீங்க என்ன நினைப்பீங்களோன்னு எனக்கு ஒரே பயம்” என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து என் மகனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுசு வாங்கித் தருகிறேன் என்றதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. என் முதுகில் தொங்கிய உறையைக் காட்டி, “அதை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். என் மருமகளுக்கு நான் கொடுத்த முதல் புடவை அதுதான். இரண்டு பக்கமும் தைத்த பழைய வாயில் புடவை. ஊருக்குத் திரும்பும் வழியிலேயே, காரில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “எங்க அப்பா அம்மாவை எப்ப வந்து பேசச் சொல்லட்டும்?” என்று கேட்டுவிட்டாள்.

சித்திரையில் அவள் அதே பையோடு இமயமலைப் பக்கம் போய் வந்தாள். ஆவணியில் கல்யாணம். அதற்கடுத்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த கையோடு நான் வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தேன். புது இடம் என்பதால் அவள் இரண்டு நாளாகக் கொஞ்சம் பேச்சில்லாமல்தான் இருந்தாள். புகை அவள் அறைப் பக்கம் போனதும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது. புகையில் கண் எரிகிறதோ என்று நான் தூபக்காலைத் தள்ளிப் பிடித்தேன்.

“இல்ல அத்தை, இருக்கட்டும்” என்றாள். அன்றைக்குத்தான் முதல் முதலாக அத்தை என்றாள். “மலைல ஒரு நாள் பயங்கரக் காத்து. கூடாரமே பிச்சுக்கிட்டுப் போயிடும் போல இருந்துச்சு. பயத்துல பைக்குள்ள தலையை இழுத்துக்கிட்டேன். உள்ள முழுக்க இந்த வாசனை. ஏதோ வீட்டுல பத்திரமா படுத்திருக்கிற மாதிரி இருந்துச்சு, தூங்கிட்டேன். அது எந்த வீடுன்னு அப்ப தெரியலை அத்தை.”

தூபக்காலைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். இப்போதும் அவர்கள் ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் அந்த நீலப் பையும் வரும். போகும்போது சாம்பிராணி காட்டித்தான் அனுப்புவேன், இப்போதெல்லாம் ஃபேனை நிறுத்திவிட்டு. பொட்டு மட்டும் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. என் வாடை கொஞ்சமும் ஒட்டாமல் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் நான் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. நல்லவேளையாக அதில் நான் தோற்றுப்போனேன். அதனால்தான் அந்தப் பெண், மருமகளாக எங்கள் வீட்டு வாசற்படியை மிதிப்பதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.