ரயில் போன சரளை வழி

இந்த ஊரில் நான் சைக்கிள் மணியை அடித்தால் யாரும் வழிவிடுவதில்லை, ஓடிப்போகிறார்கள். ரங்கூனில் ஏரிக்கரைச் சாலையில் மணியடித்தால், முன்னால் போகிற பர்மாக்காரி தலையைக்கூடத் திருப்பாமல் ஓரடி நகர்ந்துகொள்வாள். மணிக்கு அங்கே அவ்வளவுதான் மரியாதை. தர்மபுரியிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் முதல் தடவை நான் மணியடித்தபோது, களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் களைக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு, குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரட்டுக் குன்றின் பக்கம் பாய்ந்தார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. கேழ்வரகுத் தாள் போருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மை குத்தற அம்மாங்களா? எங்கூட்டுல கொழந்தையே இல்லீங்க."

போருக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

"அது ஆடுங்க" என்றாள்.

நான் அம்மை குத்த வரவில்லை, ரயிலில் என் வீட்டுக்காரர் வருகிறாரா என்று பார்க்கப் போகிறேன் என்றேன். அதைக் கேட்டு அவள் இன்னும் பயந்துபோனாள். இந்தப் பக்கத்தில் சைக்கிளில் வருவதென்றால் அது சர்க்கார்தான். அம்மை குத்துகிறவர் வருவார், கிஸ்தி கேட்கிறவர் வருவார், காட்டு கார்டு வருவார். நல்ல சேதி யாரும் சைக்கிளில் கொண்டுவந்ததில்லை போலிருக்கிறது. ரங்கூனிலிருந்து வந்து ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கிற நம்மவர்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். அங்கே நம்மைக் 'கலா' என்றார்கள், வேற்று நாட்டான் என்று அர்த்தம். இங்கே எனக்கு 'ரங்கூன்காரி' என்று பெயர். இரண்டிலும் ஏச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் இரண்டுமே நம் பெயர் இல்லை.

நான் பிறந்தது ரங்கூனில். என் வீட்டுக்காரர் தர்மபுரியில் பிறந்து, வாலிபத்தில் கப்பலேறி வந்து மர மில்லில் பிட்டராக இருந்தவர். கல்யாணமான புதிதில், மாலை நேரங்களில் ஏரிக்கரையில் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார். அங்கே பெண்கள் கன்னத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சந்தனம் பூசிக்கொண்டு, தலையில் பூவோடு சைக்கிள் விடுவது சாதாரணம். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவார். "நீ முன்னால போ, நான் பின்னாலயே வர்றேன்" என்பார். அவர் எப்போது கையை விட்டார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஜப்பான்காரன் குண்டு விழத் தொடங்கிய பிறகு பெண்களையும் குழந்தைகளையும் கப்பலில் அனுப்பினார்கள். ஆண்களுக்கு இடமில்லை. துறைமுகத்திலும் அதையேதான் சொன்னார். நீ முன்னால் போய் அப்பா அம்மாவிடம் இரு, நான் நடந்தாவது பின்னாலேயே வந்துவிடுகிறேன் என்றார். நான் அதுவரை பார்த்தேயிராத மாமனார் மாமியார் வீட்டு வாசலில், ஒரு தகரப் பெட்டியோடு வந்து நின்றேன்.

மாமனார் சின்ன ரயிலில் கேங்மேனாக இருந்தவர். மொரப்பூரிலிருந்து தர்மபுரி வழியாக ஓசூர் வரைக்கும் பொம்மை போல ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்ததாம். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். அடியில் கிடந்த கட்டையையும் விடவில்லை, ஓடைப் பாலத்து இரும்பையும் விடவில்லை. மிச்சமிருந்தது அவர் ஆயுசெல்லாம் கொட்டி இடித்து இறுக்கிய ஜல்லி மட்டும்தான். பர்மாவிலிருந்து நடந்து வருகிறவர்கள் கல்கத்தா போய், மதராஸ் வந்து, சேலம் பக்கம் போகிற ரயிலில் மொரப்பூரைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று தெரிந்தபோது, அவரே தன் சைக்கிளைத் துடைத்து என் முன்னால் நிறுத்தினார்.

"ரோட்டு மேல போவாத கண்ணு. ரயிலு போன வழியிலயே போ. ஏத்தம் எறக்கம் தெரியாது. பள்ளம் வந்தா மட்டும் எறங்கித் தூக்கிக்க."

அவர் சொன்னது சரிதான். அந்த வழி எந்தக் குன்றையும் முட்டாது. வளைந்து வளைந்து, கரட்டின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, புங்க மரமும் உசிலையும் அடர்ந்த ஓடைப் பள்ளத்தாக்கின் ஓரமாகவே போகும். சரளையில் சக்கரம் ஒரு பக்கம் சறுக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் சறுக்கல் அதிகமாகும், தளர விட்டால் தானே நேராகிவிடும். பாலம் இருந்த இடங்களில் வெறும் கல் தூண்கள் நிற்கும். அங்கே சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து அக்கரை ஏறுவேன். வாரம் ஒரு தடவை போனேன். உண்மையைச் சொன்னால், அந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. போகும்போது மட்டும். திரும்பி வரும்போது அதே வழி முடிவே இல்லாமல் நீளும்.

மொரப்பூர் ஸ்டேஷனில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் எல்லாப் பெட்டிகளையும் பார்த்துவிட வேண்டும். நடந்து வந்தவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கால் வீங்கியிருக்கும், கண் குழிவிழுந்திருக்கும். அவர்களிடம் எப்படிக் கேட்பது? வீட்டுக்காரர், அவர், எங்க ஊட்டு ஆள் என்றெல்லாம் சொன்னால் யாருக்குப் புரியும்? கல்யாணமான நாளிலிருந்து வாயில் வைக்காத பெயரை முதல் தடவையாக அங்கேதான் உரக்கச் சொன்னேன். "பெருமாள்! மர மில் பிட்டர் பெருமாளைப் பார்த்தீங்களா?" ஜன்னல் ஜன்னலாக ஓடிக்கொண்டே கூவினேன். வெட்கம் இரண்டாவது பெட்டியோடு போய்விட்டது. அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல அவர் பக்கத்திலேயே எங்கோ இருப்பது போலத்தான் இருந்தது.

ஊரார் சும்மா இருப்பார்களா? சேதி எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மாமியார் அன்று சோறு போடவில்லை.

"கட்டுன புருசன் பேர டேசன்ல நின்னு கூவறியாமே? பேரச் சொல்லச் சொல்ல ஆயுசு கொறையும்னு உங்க சீமையில யாரும் சொல்லித் தர்லியா? எம் புள்ளைய நீயே கரைச்சுருவ போலிருக்குதே!"

அவர் என்னைத் திட்டவில்லை, பயந்துதான் கத்துகிறார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. அடுத்த வாரமும் போனேன், இன்னும் உரக்கக் கூவினேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு பெட்டியிலிருந்து தாடிக்காரர் ஒருவர் தண்ணீர் பிடிக்க இறங்கினார். பெயரைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அன்று ரயில் ஏனோ கூடுதலாக நின்றது. வழியில் பார்த்ததாகச் சொன்னார். மாமனாரிடமே வந்து சொல்லுங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். நல்ல மனிதர். மூட்டையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வண்டி பிடித்து வந்து, மாலையில் எங்கள் வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

"மலை ஏர்ற எடத்துல பாத்தேங்க. மரத்தடியில உக்காந்திருந்தாரு. காய்ச்சல். எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தாரு. எழுந்திரிங்க போலாம்னேன். நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்னாரு."

அவ்வளவுதான் சேதி. அதைக் கேட்டு மாமனார் மெல்ல எழுந்து உள்ளே போய், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த மலை வழியில் உட்கார்ந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை என்று முன்பே பலர் சொல்லக் கேட்டிருந்தார். எனக்கோ காலில் பலம் வந்தது. தண்ணீர் கொடுத்திருக்கிறார். பேசியிருக்கிறார். பின்னாலேயே வருகிறேன் என்று அவர் சொல்லி வராமல் இருந்ததே இல்லை, தாமதமாவார், வந்துவிடுவார். ஒரே வார்த்தையைக் கேட்டு மாமனார் பிள்ளையைப் பறிகொடுத்தார், எனக்குப் புருஷன் திரும்பக் கிடைத்தார்.

ஆடி பிறந்து ஆடி போயிற்று, மறு வருஷமும் வந்தது. யாரும் வரவில்லை. செத்தவனுக்குத் தண்ணி விடாமல் வைத்திருப்பது பாவம், ஒகேனக்கல்லில் காரியம் பண்ணிவிடுங்கள் என்று பங்காளிகள் நெருக்கினார்கள். காரியம் என்றால் காவேரிக் கரையில் என் தாலியும் இறங்கும். எல்லாரும் வண்டி கட்டிக்கொண்டு பென்னாகரம் வந்து தங்கினோம். நான் மட்டும் வண்டியில் ஏறவில்லை. சைக்கிளில் வந்தேன். மறுநாள் விடிந்ததும் அவர்களுக்கு முன்னாலேயே கிளம்பினேன். பென்னாகரம் தாண்டினால் காடு. சரளை ரோடு மலைச்சரிவில் இறங்கி இறங்கிப் போகும். பிரேக்கை அழுத்தி அழுத்தி விரல் மரத்துப்போனது. மூங்கில் புதர்களுக்குக் கீழே எங்கோ ஆற்றின் இரைச்சல் கேட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். ஆனால் அந்த இறக்கத்தில் நிறுத்த முடியாது. நிறுத்தி எங்கே போவேன்?

கரையில் உட்கார்ந்து காத்திருந்தேன். வண்டி வந்து மாமனார் இறங்கியதும் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, உங்க புள்ளைக்கு நீங்க செய்யுங்க. நான் தடுக்கல. என் புருஷனுக்கு நான் செய்ய மாட்டேன்."

பங்காளிகள் சத்தம் போட்டார்கள். ரங்கூன் திமிர் என்றார்கள். பொட்டோடு ஒருத்தி நிற்கும்போது அவள் புருஷனுக்கு எப்படித் தண்ணி விடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆற்றுப் பக்கம் திரும்பினார்.

"உட்டுருங்கப்பா" என்றார். "எனக்குப் புள்ள போயிட்டான். அதுக்கு இன்னும் புருசன் போவல. நாம என்ன பண்ண?"

தர்ப்பையில் ஓர் உருவம் செய்து வைத்தார்கள். அவர் தண்ணீரில் இறங்கி, பிள்ளையின் பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விட்டார். மாமியார் மண்ணில் புரண்டு அழுதார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அழுதால் நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. நம்மவர்கள் சிலர் மறுபடி கப்பல் ஏறுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வருகிறாயா என்று ஆள்விட்டுக் கேட்டார்கள். போனால், அவர் இங்கே வந்து நிற்பாரோ என்று இருக்கிறது. இருந்தால், அங்கே ஏரிக்கரையில் தேடிக்கொண்டிருப்பாரோ என்று இருக்கிறது. மொரப்பூருக்கு இப்போது மாதம் ஒரு தடவைதான் போகிறேன். ஓடைக் கரைகளில் ஜல்லி சரிந்துவிட்டது, நடுவில் எருக்கு முளைத்துவிட்டது. பெண்கள் என்னைப் பார்த்து ஓடுவதில்லை. வந்துட்டாருங்களா என்று கேட்கிறார்கள்.

போன அமாவாசையன்று மாமனார் குளித்து, வாசலில் நின்று தண்ணி விட்டார். மாமியார் இலையில் சோறும் வடையும் எடுத்துப் போய்ப் பின்பக்கத்துச் சுவரின்மேல் வைத்து, 'கா கா' என்று கூப்பிட்டார். காக்கை வந்து எடுக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். தலை வாரிக்கொண்டிருந்த என் முகத்தைப் பிடித்து நிமிர்த்தி, குங்குமச் சிமிழைத் திறந்து, என் நெற்றியில் தானே பொட்டு வைத்துவிட்டுப் போனார்.