மூன்று வசனத்துக்கு நாலு நாள் உரை

குணரத்தினத்தின் பலசரக்குக் கடை பிரெஞ்சுத் தலைநகரில் லா சப்பல் மெட்ரோப் படிக்கட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஊரிலிருந்து வந்த புதிதில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். அந்தக் குசினிகளில் யார் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர், வீட்டிலும் அதையே வைத்துக்கொண்டார். மனைவி கோசலை என்ன கேட்டாலும் ஆமாம் போட்டு ஒரு "ஓம்". குடும்பம் சண்டையில்லாமல் போகிறது என்று அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மனிதர் விட்டுக்கொடுக்க மாட்டார். அது பருப்பு.

பெர்னார் அங்கேதான் மாட்டினார், அல்லது இவர் அவரிடம் மாட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற யூதக் கிழவர் பெர்னார். அவர்கள் வேதமான தோராவில் ஏசா என்பவன் மூத்த மகனுக்குரிய உரிமையைத் தம்பியிடம் ஒரு சட்டிப் பருப்புக் கூழுக்கு விற்றுவிட்டானாம். அது எப்படிப்பட்ட பருப்பென்று ருசித்துப் பார்க்க வந்திருந்தார். குணரத்தினம் மைசூர்ப் பருப்பைக் கையில் அள்ளிக் காட்டி, "இதை வெறுமனே அவித்துக் கொடுத்தால் ஒருத்தனும் உரிமையை விற்க மாட்டான். தாளித்திருக்க வேண்டும். எழுதினவர் அதை விட்டுவிட்டார்" என்றார். பெர்னார் அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

தோராவைத் தனியாகப் படிக்கக்கூடாது, இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பெர்னாரோடு உட்கார்ந்து மறுத்து வந்தவர் நீஸ் நகரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். "எங்கள் ஆட்கள் இல்லையா என்று கேட்காதீர்கள். மிச்சமிருப்பவர்கள் எல்லாரும் நான் சொல்வதை ஒத்துக்கொள்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றார்.

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் மூன்று மணி நேரம். பெர்னாரின் புத்தகத்தில் நடுவில் நாலு வரி மூலம், சுற்றிவரப் பொடி எழுத்தில் உரைகாரர்கள். நூற்றாண்டு கடந்தும் ஒருவரை ஒருவர் விட்டபாடில்லை. மூலத்தில் வீண் சொல் கிடையாது என்பது அவர்கள் பிடிவாதம். உன் மகனை மலைக்குப் பலி கொடுக்கக் கொண்டுவா என்று கடவுள் ஆபிரகாமிடம் சொன்னால் போதாதா? உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை என்று ஏன் இழுக்க வேண்டும்? பழைய உரைகாரர்கள் இடையில் ஆபிரகாமின் பதில்களைப் போட்டு நிரப்பினார்கள். எனக்கு இரண்டு மகன்மார். ஒவ்வொருத்தனும் அவனவன் தாய்க்கு ஒரே மகன். இரண்டு பேரையும் நேசிக்கிறேன்.

"அதிர்ச்சி தராமல் கடவுள் மெல்ல மெல்லச் சொல்கிறார்" என்றார் பெர்னார்.

"இல்லை. தகப்பன் விளங்காத மாதிரி நடித்து நேரம் கடத்துகிறான்" என்றார் குணரத்தினம்.

அதே நினைப்போடு வீட்டுக்குப் போனார். கோசலை சாப்பாடு போட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள், கடைசியில் "நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு ஒண்டுதானே?" என்று கேட்டாள். ஆபிரகாமோடு மலை ஏறிக்கொண்டிருந்த குணரத்தினம் "ஓம்" என்றார்.

மறுநாள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "துஷாந்தி வீட்டை போறன். சோறு இருக்கு. என்னைத் தேட வேண்டாம்."

வேறு மனிதனாயிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கோசலையின் தங்கை துஷாந்தி வீட்டுக்கு ஓடியிருப்பான். இவர் சீட்டை எடுத்துக்கொண்டு பெர்னாரிடம் ஓடினார். இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு நாளும் இப்படிப் போனதில்லை.

பெர்னார் சீட்டைப் பெரிய தாளின் நடுவில் ஒட்டினார். "சொல்லுங்கள், எது இடறுகிறது?"

"எங்கே போகிறாள் என்று எழுதிவிட்டாள். பிறகு தேட என்ன இருக்கிறது? ஆகவே மூன்றாம் வசனம் வீண்."

"வீண் வசனம் கிடையாது. வேண்டாம் என்றால் வேண்டாம். போகாதீர்கள்."

"இல்லை, தேடிக்கொண்டு நிற்காமல் நேரே வா என்று அர்த்தம்."

"சோறு எவ்வளவு இருந்தது?"

"இரண்டு பேருக்கு."

அப்படியென்றால் திரும்பி வர நினைத்திருக்கிறாள் என்று பெர்னார் துள்ளினார். குணரத்தினம் உடனே மறுத்தார், அவள் எப்போதும் அந்த அளவுதான் போடுவாள் என்று. இப்படியே நாலு நாள். தாளின் நாலு ஓரமும் தமிழும் பிரெஞ்சுமாய் நிறைந்தன. மிளகாய்த்தூள் வாங்க வந்த புதுச்சேரி சுப்ராயன், தபால் இலாகாவில் இருந்து ரிட்டையரானவர், "லெத்தர்ல தேதி இல்லையே முசியே, செல்லாது" என்றதையும் ஓரத்தில் சேர்த்தார்கள். இரண்டு பேருக்கும் கோசலைக்கு ஒரு போன் போடலாம் என்று தோன்றவில்லை. மூலம் எழுதினவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வசதி பெர்னாருக்கு வாழ்க்கையில் என்றைக்கும் கிடைத்ததில்லை.

ஐந்தாம் நாள் குணரத்தினம் தாளைச் சுருட்டிக்கொண்டு துஷாந்தி இருக்கும் புறநகரான கார்ஜ் லே கொனெஸுக்கு ரயிலேறினார். கதவைத் திறந்த துஷாந்தி, "அக்கா, அத்தான் வந்திட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோசலை வந்தாள். அவர் தாளை நீட்டினார்.

வாசலில் நின்றபடியே வாசித்தாள். தாளைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வாசித்தாள்.

"உங்களுக்கு என்ன விசரே? சோறு இருக்கெண்டால் சோறு இருக்கெண்டுதான் அர்த்தம்."

"இல்லை" என்றார் குணரத்தினம். "கோபத்திலை போறவள் சோறு வைக்கமாட்டாள். வைச்சாலும் எழுதமாட்டாள்."

கோசலை நிமிர்ந்து பார்த்தாள். இந்த மனிதர் தன் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லி அவள் கேட்டதேயில்லை. கண் கலங்கியது, அதை மறைக்கத் தாளை மடித்தாள்.

"இது மூண்டே மூண்டு வசனம். நான் இருபத்தெட்டு வருசமாய் உங்களோடை கதைச்சிருக்கிறன். அதுக்கெல்லாம் எப்ப உரை எழுதப் போறியள்?"

குணரத்தினத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"சொல்லும், கேக்கிறன்."

கல்யாணத்துக்கு அடுத்த நாளிலிருந்து அவள் தொடங்கினாள்.