உருண்டு வந்த கல்லும் ஊன்றிய பாறையும்

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தந்தி அப்பாவின் மேஜைமேல் கிடந்தது. சென்னையில் காய்ச்சலாகக் கிடந்த மாமா இறந்துவிட்டார். அம்மாவின் அண்ணன்; உங்களுக்கெல்லாம் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்த பேராசிரியர். இரங்கல் கூட்டத்தில் படிக்க வீட்டார் நாலு வரி எழுதி அனுப்பும்படி கேட்டு உங்கள் கடிதம் நேற்று தென்காசிக்கு வந்தது. “ஒருத்தரும் பதில் எழுதக் கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார். ஆகவே எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். கையெழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தருவிக்குக் குளிக்கப் போனாலும் மாமாவின் கண் பாறைமேல்தான் இருக்கும். ஒருமுறை நாங்கள் ஈரத்தலையோடு வண்டியேறிய பிறகும் அவர் ஒரு பாறையின் அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“பாம்பு கெடக்கப் போவுது, வாங்கண்ணே!” என்று அம்மா கத்தினாள்.

“பாம்பு நுழையுத அளவுக்கு அடியில எடம் இருந்தா அது பாறையே இல்ல, தங்கச்சி” என்றார்.

அவருடைய முதல் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். வேலையில் சேர்ந்த புதிதில், மணலில் புதைந்த உருண்டைக் கல்லை, பூமியில் ஊன்றிய அடிப்பாறை என்று அவர் எழுதிக் கொடுத்ததும், முதல் வெள்ளத்திலேயே அதன்மேல் கட்டிய பாலத்தூண் சாய்ந்ததும்தான் ஒவ்வோர் ஆண்டும் முதல் பாடமாமே. வெள்ளைக்காரப் பிரின்சிபால் அதை நிறுத்தச் சொல்லியும் மாமா நிறுத்தவில்லை. துறைத் தலைவர் பதவி அவரைவிட இளையவருக்குப் போயிற்று.

“அந்தக் கதைய விட்டிருந்தா பதவி கெடச்சிருக்கும்லா?” என்று அம்மா குறைப்பட்டாள்.

“கெடச்சிருக்கும். பயலுவளும் அதே மாதிரிக் கல்லுமேல தூண் கட்டியிருப்பானுவ.”

அப்பா காண்டிராக்டர். வடகரைப் பக்கம் ஆற்றுப் பாலம் அவர் கட்டுவது. இந்தக் கோடை விடுமுறைக்கு வந்த மாமா, இரண்டாம் தூணுக்குத் தோண்டிய குழியில் இறங்கி, அடியில் தெரிந்த பாறையின் ஓரத்தைக் கடப்பாரையால் குத்தச் சொன்னார். பாறைக்கு அடியில் மணல் இருந்தது.

“மாப்ளே, இது மலையிலருந்து உருண்டு வந்த கல்லு. எடுத்துட்டு இன்னும் தோண்டணும்.”

“யானை முட்டினாலும் அசையாது மச்சான்! சாரல் மழைக்கு முந்தி தூண எழுப்பணும். எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் வேலைக்கே உலை வைக்கியளே!”

“சோறு நல்லாத்தான் இருந்துச்சு. கல்லுதான் சரியில்ல.”

அன்றே மாமா அறிக்கை எழுதி, என்னைப் படியெடுக்கச் சொன்னார். அப்பாவே பாலத்து வேலையைப் பார்க்கும் சர்க்கார் மேலதிகாரிக்கு அனுப்புவதுதான் அவருக்கு மரியாதை என்று, நான் எழுதிய படியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். பாறையை எல்லாம் குத்திப் பார்த்த மாமா, தங்கை புருஷனை மட்டும் அப்படிச் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பா அதை அடுப்பில் போட்டதை நான் பார்த்தேன். மாமாவுக்கு எழுதப் பயந்து இருந்துவிட்டேன்.

தூண் இப்போது என் உயரம் வந்துவிட்டது. பாலம் முடிந்தால் வடகரையிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வண்டி அதன்மேல்தான் வரும்.

படியெடுத்த பிறகு என்னிடமே இருந்த, மாமா தம் கையால் எழுதிய அறிக்கையை இத்துடன் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் படித்துவிட்டு உடனே மேலதிகாரியிடம் கொடுங்கள். யார் அனுப்பியது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

அவருடைய கையெழுத்து இனி என்னிடம் இல்லை. படியெடுக்கும்போது, “அப்பா ஏசுவாவளே, பயமா இருக்கு மாமா” என்றேன்.

“எனக்கும்தாம்ட்டீ. எழுது” என்றார்.

நான் வைத்துக்கொள்வது அந்த ‘எனக்கும்’ ஒன்றைத்தான்.